அத்தியாயம் 6: சிக்கு விழாமல் சுருட்டுவது – காற்று ஹோஸும் எக்ஸ்டென்ஷன் வயரும்

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வண்டி பஞ்சருக்கு வந்து நிற்கிறது. நேற்று ராத்திரி மூலையில் வீசிய ஹோஸ் கம்ப்ரசர் காலைச் சுற்றிக் கிடக்கிறது. அதற்குள் எக்ஸ்டென்ஷன் வயர் புகுந்திருக்கிறது. இரண்டையும் பிரித்து எடுக்கும் நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. இழுத்துப் பிரித்தால் கப்ளிங் கழன்று வரும், வயருக்குள் கம்பி அறும்.

பொம்மிடி சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் இருக்கும் ஊர். இங்கே டூவீலர் பட்டறை, டிராக்டர் பட்டறை, வெல்டிங் கடை, மைக் செட் கடை, போர் மோட்டார் வேலை எதை எடுத்தாலும் நாள் முழுக்க வயரும் ஹோஸும்தான். இந்த அத்தியாயம் அப்படி ஒரு சிறு பட்டறையை மனதில் வைத்து எழுதியது. வீட்டில் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்திருப்பவருக்கும் இதே முறைதான்.

தேவையானவை

- நல்ல பருத்தித் துணி ஒன்று
- பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து அரை அங்குல அகலத்தில் வெட்டிய பட்டைகள், அல்லது ஒரு முழ நீள நாடாத் துண்டுகள்
- சுவரில் அடிக்க அகலமான தாங்கி: பழைய கார் வீல் டிஸ்க் அல்லது அரைவட்டமாக வெட்டிய பிவிசி பைப்
- ஹோஸை நீளவாக்கில் விரிக்க நிழலான இடம்

## ஏன் சிக்கு விழுகிறது?

ஒரே பக்கமாக ஒரு வளையம் சுற்றினால் வயருக்குள் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. 25 மீட்டர் வயரை அரை மீட்டர் அகல வளையங்களாகச் சுற்றினால் ஏறக்குறைய 16 வளையம் வரும். நுனியைப் பிடித்து நேராக இழுத்தால் அந்த 16 முறுக்கும் வயரிலேயே நிற்கும். முறுக்கு போக வழியில்லாமல் வயர் ஆங்காங்கே தானாகச் சுருண்டு கண்ணி போடும். கண்ணிக்குள் நுனி புகுந்தால் முடிச்சு. சிக்கு என்பது இவ்வளவுதான்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டுச் சுழற்றிப் பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். சில வினாடிகளிலேயே முடிச்சுகள் விழுந்தன. 46 செ.மீ.க்குக் குறைவான நூலில் மட்டும் ஒன்றும் விழவில்லை. நமக்கு இதில் இரண்டு பாடம் உண்டு. நீளமான எதையும் கட்டாமல் பெட்டியில் போடக் கூடாது. நுனி அலையாமல் இருந்தால் முடிச்சு விழாது.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று: முறுக்கு ஏற்றாதீர்கள், நுனியை அலைய விடாதீர்கள், இறுக்கி மடிக்காதீர்கள். இனி வரும் முறைகள் எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

## சுருட்டத் தொடங்கும் முன்: பாதுகாப்பு

வயருக்கு

1. முதலில் மெஷினை அணையுங்கள். பிறகு சுவர் ஸ்விட்ச். அதன் பிறகே பின் டாப்பைக் கழற்றுங்கள்.
2. பின் டாப்பின் உடலைப் பிடித்துக் கழற்றுங்கள். தூரத்தில் நின்று வயரை இழுத்துக் கழற்றினால் உள்ளே எர்த் கம்பி ஸ்குரூவிலிருந்து விட்டுப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.
3. வயர் ஈரமாக இருந்தால், ஸ்விட்சை அணைத்துப் பின்னைக் கழற்றும் வரை அதைத் தொடாதீர்கள்.

ஹோஸுக்கு

1. கம்ப்ரசர் ஸ்விட்சை அணைத்து, டேங்க்கின் அவுட்லெட் வால்வை மூடுங்கள்.
2. ஹோஸ் முனையிலுள்ள காற்றுக் கன்னைத் தரையைப் பார்த்துப் பிடித்து, சீற்றம் நிற்கும் வரை அழுத்துங்கள். ஹோஸில் காற்றே மிச்சம் இருக்கக் கூடாது.
3. அதன் பிறகே கப்ளிங்கைக் கழற்றுங்கள். ஒரு கை கப்ளிங்கில் இருக்க, மறு கை ஹோஸை இறுகப் பிடித்திருக்கட்டும்.

> எச்சரிக்கை: காற்று இருக்கும்போது கழன்ற ஹோஸ் சாட்டையாக வீசும். பித்தளை நிப்பிள் முகத்தில் பட்டால் கண் போகும். அதேபோல் கன்னால் உடம்பில், துணியில் இருக்கும் தூசியை ஊதாதீர்கள். காயம் உள்ள இடத்தில் காற்று தோலுக்குள் புகுந்துவிடும்.

## முறை 1: மேல்–கீழ் சுற்று (எக்ஸ்டென்ஷன் வயருக்கு)

மைக் செட்காரர்களும் சினிமா லைட் யூனிட்டில் இருப்பவர்களும் கையாளும் முறை இது. ஒரு வளையம் ஏற்றும் முறுக்கை அடுத்த வளையம் இறக்கிவிடும். கீழே உள்ளவை வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு. இடக்கைக்காரர்கள் கையை மாற்றிக்கொள்ளலாம்.

1. வயரைத் தரையில் நீளமாக விரித்துப் போடுங்கள். துணியால் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து வாருங்கள். தூசியும் போகும், வெட்டுக் காயம் இருந்தால் விரலிலும் தட்டுப்படும்.
2. பாக்ஸ் இருக்கும் பக்கத்தை இடது கையில் பிடியுங்கள். பின் டாப் பக்கம் கடைசியில் வரட்டும்.
3. மேல் வளையம்: வலது கையால், கட்டைவிரல் வெளிப்பக்கம் பார்க்க, சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி வயரைப் பிடியுங்கள். இடது கைக்குக் கொண்டுவரும்போது விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வயரை லேசாக உருட்டுங்கள். வளையம் தட்டையாகப் படியும்.
4. கீழ் வளையம்: இப்போது வலது கையைக் கவிழ்த்து, கட்டைவிரல் உங்கள் பக்கம் பார்க்க வயரைப் பிடியுங்கள். இடது கைக்கு வரும்போது கையை நிமிர்த்துங்கள். வளையம் மறுபக்கமாகப் புரளும். மீதி வயர் வளையத்தின் உள்பக்கத்திலிருந்து வெளிவரும்.
5. மேல், கீழ், மேல், கீழ் என்று மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். வளையங்கள் எல்லாம் ஒரே அகலத்தில் இருக்கட்டும்.
6. கடைசி ஒரு முழ வயரை மிச்சம் வைத்து, நாடாவால் கட்டுங்கள். பின் டாப்பை வளையங்களுக்குள் நுழைக்காதீர்கள்.

பழகும் வரை வாய்விட்டு "மேல், கீழ்" என்று சொல்லிக்கொண்டே சுற்றுங்கள். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் நடுவில் நின்று "அண்ணே, இப்ப மேலயா கீழயா?" என்று கேட்பான். "தெரியலைன்னா ஒரு வளையத்த விட்டுட்டு மறுபடி சுத்துடா" என்பதே சரியான பதில். தொடர்ந்து இரண்டு மேல் வளையம் விழுந்தாலும் குடி முழுகாது. ஒரே ஒரு முறுக்குதான் மிச்சம் நிற்கும்.

சரியாக வந்ததா என்று பார்க்க: கட்டை அவிழ்த்து, பின் டாப்பை ஒருவர் பிடித்துக்கொள்ள, சுருளை எடுத்துக்கொண்டு நடங்கள். வளையங்கள் ஒவ்வொன்றாக விழுந்து வயர் நேராகக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தால் முறை கைவந்துவிட்டது.

> கவனம்: மேல்–கீழ் சுற்றில் ஒரு ஆபத்து உண்டு. நுனி தவறிப்போய்ச் சுருளின் நடுவே நுழைந்துவிட்டால், இழுக்க இழுக்க வரிசையாக முடிச்சு விழும். ஒரு வயரில் ஒழுங்கான இடைவெளியில் முடிச்சுகள் வந்தால் காரணம் இதுதான். முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்க்க உட்காராதீர்கள். சுருளை மறுபடி சேர்த்து, நுனியை நடுவிலிருந்து வெளியே எடுத்துவிட்டு இழுங்கள்.

## முறை 2: தரையில் எட்டு (காற்று ஹோஸுக்கு)

தடித்த ரப்பர் ஹோஸைக் கையில் புரட்டுவது கஷ்டம், கனமும் அதிகம். அதைத் தரையில் எட்டு வடிவில் போடுவது சுலபம். எட்டின் ஒரு பாதி ஒரு பக்கம் முறுக்கும், மறு பாதி எதிர்ப்பக்கம் முறுக்கும். கணக்கு நேராகிவிடும்.

1. காற்றை இறக்கிக் கழற்றிய ஹோஸை நிழலில் நேராக விரியுங்கள். வெயிலில் சூடான பிவிசி ஹோஸ் மெத்தென்று இருக்கும், அப்போது சுற்றினால் அந்த வளைவிலேயே நின்றுவிடும். சற்று ஆற விடுங்கள்.
2. ஒரு முனையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, கை மாற்றிக் கை மாற்றி மறுமுனை வரை நடங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் வடியும். டேங்க்கில் சேரும் ஈரம்தான் ஹோஸுக்கும் வருகிறது. அது தங்கினால் கப்ளிங்கின் உள் ஸ்பிரிங் துருப்பிடிக்கும்.
3. தரையில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு காலி பெயின்ட் டப்பாக்களை வையுங்கள். கம்ப்ரசர் பக்க முனையை முதலில் வைத்து, இரண்டையும் சுற்றி எட்டு போடுங்கள். இழுத்து இறுக்காமல், ஹோஸ் தானாக விழும் இடத்தில் விழட்டும்.
4. முழு ஹோஸும் முடிந்ததும் டப்பாக்களை எடுத்துவிட்டு, எட்டின் ஒரு பாதியைத் தூக்கி மறு பாதியின் மேல் மடியுங்கள். இப்போது கையில் ஒரே வட்டச் சுருள் இருக்கும்.
5. கன்னைக் கழற்றிவிட்டு, ஒரு முனையின் நிப்பிளை மறுமுனையின் குயிக் கப்ளரிலேயே செருகி விடுங்கள். இரண்டு நுனியும் பூட்டிக்கொள்வதால் வளையத்துக்குள் எதுவும் நுழையாது. செம்மண் தூசியும் உள்ளே போகாது.
6. மூன்று இடத்தில் ட்யூப் பட்டை போடுங்கள். ஹோஸ் நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

வளைய அகலம்: 8 மி.மீ. ஹோஸுக்கு அரை மீட்டர், அதைவிடத் தடித்ததற்கு 60 செ.மீ. போதும். 60 செ.மீ. வளையத்தில் 20 மீட்டர் ஹோஸ் பத்துப் பதினொரு சுற்றில் முடிந்துவிடும். பிவிசி ஹோஸ் கெட்டியானது. ரப்பர் ஹோஸ் கனம் என்றாலும் வளைந்து கொடுக்கும். தினமும் சுருட்டுகிறவர் ரப்பர் வாங்குவது நல்லது. ஸ்பிரிங் மாதிரித் தானே சுருங்கும் ஹோஸைச் சுற்றவே வேண்டாம். இரு முனையையும் சேர்த்துத் தாங்கியில் மாட்டினால் போதும்.

### போர் மோட்டார் கேபிளுக்கும் இதே எட்டுதான்

சப்மெர்சிபிள் மோட்டாரை மேலே எடுக்கும்போது நூற்றுக்கணக்கான அடி தட்டைக் கேபிளும் கயிறும் தரைக்கு வருகின்றன. வேலையைத் தொடங்கும் முன் ஸ்டார்டரை அணைத்து, பியூஸ் கேரியர்களைக் கழற்றிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போர்டிலேயே விட்டால் வேறு யாராவது போட்டுவிடலாம்.

கேபிளை ஜல்லி மேல் இழுக்காதீர்கள். கீழே ஒரு தார்ப்பாயை விரித்து, அதன் மேல் சுமார் பத்தடி நீள எட்டுகளாக அடுக்குங்கள். தட்டைக் கேபிளை வட்டமாகச் சுற்றினால் புரண்டு புரண்டு முறுக்கிக்கொள்ளும், உள் கம்பிகள் ஒன்றை ஒன்று அழுத்தும். கயிற்றைத் தனியாக இன்னொரு எட்டாகப் போடுங்கள். இரண்டையும் கலந்து வைத்தால், மோட்டாரை இறக்கும்போது ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும்.

## பலரும் செய்யும் தவறுகள்

1. முழங்கையில் சுற்றுவது. எல்லோருக்கும் பழகிப்போனது, வயருக்கு மிக மோசமானது. வளையம் சிறியது, எல்லாம் ஒரே பக்க முறுக்கு. மடிப்பும் தினம் ஒரே இடத்தில் விழும். அந்த இடத்தில் செம்பு இழை ஒவ்வொன்றாக அறுந்து, பிறகு சூடாகும்.
2. மெஷினைச் சுற்றி வயரை இறுக்குவது. கிரைண்டர், டிரில் இவற்றின் உடலில் வயரைச் சுற்றினால், வயர் வெளிவரும் ரப்பர் கழுத்தில் முறியும். வயரைத் தனிச் சுருளாகச் சுற்றி மெஷின் மேல் வையுங்கள்.
3. சுவரில் அசையாத தாங்கியில் சுற்றிச் சுற்றி மாட்டுவது. தாங்கி சுழலாது, நீங்கள் மட்டும் வயரைச் சுற்றுகிறீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். முதலில் எட்டு போட்டு, வட்டமாக மடித்து, முழுச் சுருளையும் மாட்டுங்கள். கைப்பிடியால் சுழலும் டிரம் என்றால் இந்தக் கவலை இல்லை. டிரம் சுழல்வதால் வயர் முறுக்காமல் உருண்டு ஏறும், இறங்கும்.
4. ஆணியில் தொங்க விடுவது. ஹோஸின் முழு எடையும் ஒரு ஆணியில் விழுந்தால் அந்த இடம் நசுங்கி மடிப்பு விழும். கோடையில் இரண்டு நாள் போதும்.
5. கடைசிச் சுற்றை வளையத்தின் நடுவில் இறுக்கிக் கட்டுவது. பார்க்க அழகு. அவிழ்க்கும்போது நுனி உள்ளே நுழைய அதுவே வழி.

## சுற்றியபடியே ஓட்டாதீர்கள்

வயர் சுருட்டும் ஒழுங்கைவிட முக்கியமான விஷயம் இது. வேலைக்கு ஐந்து மீட்டர்தான் தேவை என்று டிரம்மில் இருபது மீட்டரை விட்டுவிட்டு வெல்டிங் மெஷினையோ கம்ப்ரசரையோ ஓட்டுகிறோம். 25 மீட்டர் நீள, 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 2,000 வாட் ஓடினால் சுமார் 8.7 ஆம்பியர் போகும். போக வர 50 மீட்டர் கம்பியில் ஏறக்குறைய 50 வாட் வெப்பமாக மாறும். விரித்த வயரில் அது காற்றில் கலந்துவிடும். சுருளுக்குள் போக வழியில்லை, நடு வளையங்கள் பிவிசி உருகும் அளவுக்குச் சூடேறலாம்.

1. கனமான மெஷினுக்கு வயரை டிரம்மிலிருந்து முழுக்க விரித்துப் போடுங்கள்.
2. விரித்த வயரைக் கதவு இடுக்கில் நசுக்காதீர்கள். வண்டி ஏறும் இடத்தில் பலகை போடுங்கள்.
3. பத்து நிமிஷம் ஓடிய பிறகு மெஷினையும் சுவர் ஸ்விட்சையும் அணைத்துப் பின்னைக் கழற்றி, வயரையும் பின் டாப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் வயர் சிறியது அல்லது ஸ்குரூ தளர்ந்திருக்கிறது.
4. எர்த்துடன் கூடிய மூன்று கோர் வயர் மட்டும் பயன்படுத்துங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், ஒழுகும் கரண்ட் ஒருவர் உடம்பு வழியாகப் போகும்போது அது வெட்டிவிடும்.

> குறிப்பு: வேலை தூரத்தில் இருந்தால் கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு வயரை நீட்டாதீர்கள். கம்ப்ரசர் போர்டுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும், ஹோஸை நீட்டுங்கள். நீள வயரில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது திணறும். வோல்டேஜ் குறைவான மாலை நேரத்தில் இது இன்னும் மோசம்.

## வைக்கும் இடம்

1. பழைய கார் வீல் டிஸ்க்கைச் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு, நெஞ்சு உயரத்தில் பொருத்துங்கள். சுருளை அதன் மேல் மாட்டுங்கள். வளைவு அகலமாக இருப்பதால் ஹோஸ் நசுங்காது.
2. வயருக்கு ஒரு இடம், ஹோஸுக்கு ஒரு இடம். ஒரே தாங்கியில் இரண்டும் வேண்டாம்.
3. தரையில் வைக்காதீர்கள். எண்ணெய், டீசல் பட்ட பிவிசி நாளடைவில் கெட்டியாகி வெடிக்கும். தானிய மூட்டை இருக்கும் கொட்டகையில் எலியும் கடிக்கும்.
4. மேற்குப் பார்த்த தகரச் சுவரில் மாட்டாதீர்கள். பிற்பகல் வெயில் அதில்தான் இறங்கும்.
5. ஒவ்வொரு சுருளிலும் நீளத்தை எழுதிய டேப் துண்டு ஒட்டுங்கள்: "20 மீ", "10 மீ". பத்து மீட்டர் போதும் இடத்துக்கு யாரும் இருபதை அவிழ்க்க மாட்டார்கள்.

## ஏற்கெனவே முறுக்கேறியிருந்தால்

பழைய வயரும் ஹோஸும் முறுக்குப் பழகிப்போயிருக்கும். புது முறையில் சுற்றினாலும் முதலில் அடம் பிடிக்கும்.

1. ஒரு முனையைத் தூணில் கட்டி முழு நீளத்துக்கும் விரியுங்கள்.
2. மறுமுனையைக் கையில் லேசாகப் பிடித்து, எந்தப் பக்கம் அது சுழல விரும்புகிறதோ அந்தப் பக்கம் சுழல விடுங்கள்.
3. தூணிலிருந்து தொடங்கி, கைக்குள் உருட்டிக்கொண்டே நுனி வரை முறுக்கைத் தள்ளி வாருங்கள்.
4. பிவிசி ஹோஸ் என்றால் காலை வெயிலில் அரை மணி நேரம் நேராகக் கிடக்கட்டும். பிறகு நிழலில் ஆற விட்டுச் சுற்றுங்கள்.

சிக்கு விழுந்த குவியலைப் பிரிக்கும்போது நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள், முடிச்சு இறுகும். குவியலை எல்லாப் பக்கமும் தளர்த்தி, கண்ணிகளைப் பெரிதாக்குங்கள். அப்புறம் நுனி எந்தக் கண்ணிக்குள் இருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் வந்த வழியே திருப்பி எடுங்கள்.

## எப்போது தூக்கிப் போடுவது?

சுருட்டும் நேரம்தான் சோதிக்கும் நேரம். வயரும் ஹோஸும் தினமும் உங்கள் கை வழியாகவே போகின்றன.

- வயர் உறையில் வெட்டு விழுந்து உள் நிறம் தெரிந்தால்: டேப் சுற்றி ஓட்டாதீர்கள். அந்த இடத்தில் வெட்டி இரண்டு சிறிய வயராக்குங்கள். இரண்டுக்கும் புது பின் டாப், பாக்ஸ் போடுங்கள்.
- ஒரு இடத்தில் மட்டும் வயர் தொளதொளவென்று மடிந்தால்: உள்ளே இழை அறுந்திருக்கிறது. வெட்டிவிடுங்கள்.
- பின் டாப் பழுப்பேறியோ உருகியோ இருந்தால்: பின்னை மட்டும் மாற்றாமல், அதோடு சேர்ந்த ஒரு சாண் வயரையும் வெட்டி எடுங்கள்.
- ஹோஸில் கொப்புளம் எழுந்தால்: அன்றே நிறுத்துங்கள். அடுத்த முறை காற்று ஏற்றும்போது அது வெடிக்கலாம்.
- ஹோஸ் கிளிப் அருகே வெடிப்பு இருந்தால்: அந்த ஒரு சாணை வெட்டி எடுத்துவிட்டு நிப்பிளை மறுபடி செருகி, கிளிப்பை இறுக்குங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், அது ஹோஸை அறுக்கும்.
- எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால்: காற்று ஏற்றி, சோப்பு நுரையை ஹோஸ் மேல் தடவுங்கள். நுரை பொங்கும் இடம்தான் ஓட்டை. பார்த்ததும் காற்றை இறக்கிவிட்டே கை வையுங்கள்.